சார், அது குருவி சார்

போன வருடம் ஜனவரி முதல் தேதி, நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியின் முதல் பக்கத்தில் ஐந்து தீர்மானங்கள் எழுதினேன். அந்த டைரியில் நான் எழுதிய பக்கம் அது ஒன்றுதான். இரண்டாம் பக்கத்திலிருந்து என் மனைவி பால் கணக்கு எழுதுகிறாள். வருடம் முழுவதும் அந்த டைரியை யார் திறந்தாலும் முதலில் என் தீர்மானங்களைத் தாண்டித்தான் பாலுக்குப் போக வேண்டும் என்பது நான் யோசிக்காத தண்டனை.

தினம் பத்தாயிரம் அடி நடப்பது. 'பொன்னியின் செல்வ'னை முடிப்பது. சமையலில் உதவுவது. கோபத்தைக் குறைப்பது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது. இவ்வளவுதான். இமயமலை ஏறுகிறேன் என்றெல்லாம் நான் எழுதவில்லை. ஆனாலும் ஐந்தும் கவிழ்ந்தன. கவிழ்ந்த வரிசையில் சொல்வதானால் கடைசித் தீர்மானம்தான் முதலில் விழுந்தது, பிப்ரவரி இரண்டாவது ஞாயிறன்று, கார் நிறுத்துமிடத்தில், பதினான்கு குடும்பங்கள் பார்த்திருக்க.

நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் ஓர் அரசமரம். ஜனவரி கடைசியிலிருந்து எனக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டுக், டுக், டுக், டுக். ஒரே தாளம், ஒரே சுருதி, நிறுத்தாமல். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் கொஞ்சம் ஓயும், மறுபடி தொடங்கும். மத்தியானம் கண் அசரும் நேரத்தில் சரியாக வரும். ஒரு நாள் இடப்பக்கம் இருந்து வருகிற மாதிரி இருக்கும், ஒரு நாள் வலப்பக்கம். நான் தீர யோசித்து, இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குத் தெரியாமல் தனி மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். சுவரில் காது வைத்துக் கேட்டேன். குழாயில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வது போலவே இருந்தது. நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் குழாய் என்ன, தூணே அதிரும்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி, 'இரண்டாவது மாடியில் சிலர்' என்று ஆரம்பித்தேன். பொதுத் தண்ணீர், பொது ஒழுக்கம், நகர வாழ்க்கையின் நெறி என்று பத்து நிமிடம் போனது. அந்த வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவர் என்னை முடிக்கவிட்டு, "எங்க வீட்ல மோட்டாரே இல்லை சார். மிக்ஸியே ரிப்பேர்ல இருக்கு" என்றார். நான் விடவில்லை. அப்படியானால் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினாக இருக்கும், நிபுணரை அழைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். செயலாளர் பேச்சை முடிக்கிற அவசரத்தில் முந்நூறு ரூபாய் செலவுக்குத் தீர்மானம் போட்டு பிளம்பரைக் கூப்பிட்டார்.

பிளம்பர் தம்பி வந்தார். சம்ப்பைத் திறந்தார், மூடினார். மாடிக்குப் போய் டேங்கைத் தட்டினார். பின்னாலேயே நான், ஆசிரியை, செயலாளர், வேடிக்கை பார்க்க நாலு பிள்ளைகள். சரியாக அந்த நேரத்தில் டுக், டுக், டுக். "இதோ! இதுதான்!" என்று கத்தினேன். தம்பி ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஸ்பேனரை அரசமரத்தின் பக்கம் நீட்டினார்.

"சார், அது குருவி சார்."

அந்தச் சிரிப்பை நான் எழுத மாட்டேன்.

செம்மார்புக் குக்குறுவான் என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் காப்பர்ஸ்மித், அதாவது செம்பு தட்டுகிற கன்னான். வெள்ளைக்காரனுக்குக்கூட அது பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது என்பது எனக்குச் சிறிய ஆறுதல். பறவையை எந்திரம் என்று நினைத்த பெரிய மரபில் நான் ஒரு கடைசி ஆள். அது கூவும்போது அலகைத் திறப்பதில்லை. தொண்டையின் இரு பக்கமும் தோல் உப்பி உப்பி அடங்கும். கூவிக்கொண்டே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவதால்தான் சத்தம் இடம் மாறுகிற மாதிரி தோன்றுகிறது. ஆல், அரசு, அத்திப் பழங்கள்தான் அதற்குச் சாப்பாடு. வெயில் ஏற ஏறக் கூவல் ஏறும். குளிர்நாட்களிலும் மழைநாட்களிலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். நான் செய்ய நினைத்து முடியாததை அது வருடத்தில் சில மாதமாவது செய்கிறது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்ற வெறிதான் இருந்தது. என்னைப் பதினான்கு வீட்டுக்காரர்கள் முன்னால் நிற்க வைத்தவன் முகம் எப்படி இருக்கும்? பைனாகுலர் வாங்கினேன். மூன்று வாரம் அரசமரத்தின் அடர்ந்த இலைகளுக்குள் தேடினேன். காக்கை பார்த்தேன். மைனா பார்த்தேன். எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் ஒருவர் ஜன்னல் திரையை வேகமாக இழுத்து மூடுவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பைனாகுலரை மேல்நோக்கி மட்டுமே பிடிப்பது என்று ஒரு புதிய தீர்மானம், இது டைரியில் ஏறாதது.

கடைசியில் கண்டுபிடித்தது கீழ்வீட்டுப் பையன். ஏழு வயது. "அங்கிள், இலைக்குள்ள ஏன் பாக்கறீங்க? அதோ காய்ஞ்ச கொம்புல உக்காந்திருக்கு பாருங்க." மரத்தின் உச்சியில், இலையே இல்லாத பட்ட கொம்பில், காலை வெயில் காய்ந்துகொண்டு, ஒளிவு மறைவே இல்லாமல். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பருமன். பச்சை உடம்பு. நெற்றியில் குங்குமம் இட்ட மாதிரி சிவப்பு, மார்பில் இன்னொரு சிவப்பு, தொண்டையும் கண்ணைச் சுற்றியும் மஞ்சள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட சின்ன மாமா போல இருந்தது. அது கூவியபோது தொண்டை துடிப்பது தெரிந்தது. என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 112.

அந்தக் கடிகாரம் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிகளை எண்ணும் கடிகாரம் அது. முதல் வாரம் ஒழுங்காக நடந்தேன். இரண்டாவது வாரம், உட்கார்ந்தபடி கையை ஆட்டினாலும் அடி ஏறுகிறது என்ற உண்மையைக் கண்டுபிடித்தேன். செய்தி பார்த்துக்கொண்டே ஆயிரத்து இருநூறு அடி நடந்திருக்கிறேன். ஒரு நாள் சங்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியபோது, குழாயை வேண்டுமென்றே அதிகமாக வீசினேன், அது எண்ணூறு. மகள் பெங்களூரிலிருந்து என் எண்ணிக்கையைத் தன் போனில் பார்த்து, "அப்பா சூப்பர்" என்று கைதட்டும் பொம்மை அனுப்புவாள். பெற்ற பெண்ணையே ஏமாற்றினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மனசு உறுத்தி, பத்தாயிரம் என்று யார் நிர்ணயித்தது என்று தேடிப் பார்த்தேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். பெரிய ஆராய்ச்சி செய்து எடுத்த எண் அல்ல, விற்பதற்கு வாகாக இருந்த எண். அறுபது வருடம் முன்னால் யாரோ ஒரு பெட்டியின் மேல் போட்ட பெயருக்காக நான் சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இது தெரிந்த அன்றே நடையைப் பழவந்தாங்கல் ரயில் நிலையம் வரை என்று சுருக்கிக்கொண்டேன். போவது நடை. அங்கே கல் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, பூக்கூடைக்காரம்மாக்கள் ஓடுகிற ரயிலோடு நாலு அடி ஓடி, கூடையை முதலில் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஏறுவதைப் பார்ப்பது உடற்பயிற்சியின் மீதிப் பகுதி. போன வருடத்தில் நான் ஒரு நாளும் தவறவிடாத ஒரே பழக்கம் அந்த பெஞ்ச்.

சமையலில் உதவுவதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஒட்டாத தவாவின் பூச்சு உரிந்துவிட்டது என்று, பரணிலிருந்த பழைய இரும்புத் தோசைக்கல்லை இறக்கி, "இனிமே தோசை என் பொறுப்பு" என்றேன். பதினோரு நாள் எங்கள் வீட்டில் தோசை என்று எதுவும் இல்லை; தோசைத்திருப்பியால் சுரண்டி எடுக்கப்பட்ட ஒரு பதார்த்தம் இருந்தது. மனைவி அதற்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் ஊற்றிக்கொண்டு மௌனமாகச் சாப்பிட்டாள். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கல்லில்தான் கோளாறு, வேறு வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அன்று இரவு மன்னார்குடியிலிருந்து அம்மா போனில் பேசினாள். எண்பத்திரண்டு வயது. என்ன பண்றே என்றாள். கல்லைக் கம்பி நார் போட்டுத் தேய்க்கிறேன் என்றேன்.

"தினமுமா தேய்க்கறே?"

"ஆமாம்மா. சோப்பு போட்டு, பளபளன்னு."

"ஏன்டா, கல்லை என்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

இரும்பில் எண்ணெய் சூடாகச் சூடாக அது காய்ந்து, இறுகி, மெல்லிய தோல் மாதிரி படியும். அதன் மேல்தான் தோசை வழுக்கிக்கொண்டு வரும். அம்மா இதையெல்லாம் விளக்கவில்லை. "கல்லைப் பழக்கணும்டா" என்றாள், அவ்வளவுதான். ஒவ்வொரு ராத்திரியும் கல் பழகிக்கொண்டு வந்ததை நான் சுரண்டிச் சுரண்டி மறுநாள் காலை மறுபடியும் முன்பின் தெரியாதவனாக்கியிருக்கிறேன். பிறகு நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, கழுவுவதை வெந்நீரோடு நிறுத்தி, கல்லும் நானும் ஒரு மாதிரி சமரசத்துக்கு வந்தோம். சித்திரை மாதம் ஒரு காலை, ஓரம் தானாக எழும்பி, நடுவில் தேன்கூடு போலத் துளை விழுந்து, திருப்பியை வைத்ததும் ஒரு தோசை முழுசாக வந்தது. அதைத் தட்டில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுட்டது. அதனால்தான் தட்டில் வைத்தேன்.

இதோடு சேர்த்து ஒன்று: சாணை பிடிப்பவர். மொன்னைக் கத்தியோடு மல்லுக்கட்டி, வருடத்துக்கு ஒரு கத்தி வாங்கி வந்திருக்கிறேன். தெருவில் சைக்கிளை நிறுத்தி மிதித்து, பொறி பறக்கச் சாணை பிடித்துக் கொடுத்தார் ஒருவர். அன்று தக்காளியை வெறும் எடையிலேயே கத்தி இறங்கி வெட்டியது. தேவைக்கு மேல் ஆறு தக்காளி நறுக்கினேன். ரசம் இரண்டு நாள் ஓடியது.

பொன்னியின் செல்வன் கதை வேறு. கல்கி அதை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி முடித்துவிட்டார். நான் 1983-இல் ஆரம்பித்து இன்னும் முடிக்கவில்லை. ஐந்து பாகம். போன வருடம் செய்தது என் ஆறாவது முயற்சி. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வருகிறான். இந்த இடத்தில் அவனை நான் ஆறு தடவை சந்தித்திருக்கிறேன். கடம்பூர் மாளிகைக்கு உள்ளே போய் அவன் படுக்கிற நேரத்தில் எனக்கும் தூக்கம் வந்துவிடும். சபைகளில் நந்தினி, குந்தவை என்று பேச்சு வந்தால் "அடடா" என்று மட்டும் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். மணிரத்னம் படமெடுத்த பிறகுதான் எனக்கு முடிவு தெரிந்தது.

இந்தத் தடவையும் கடம்பூரில் படுத்தாயிற்று. ஆனால் தூங்கும் முன், அந்த ஏரி இப்போது எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்தேன். அது நம் வீராணம்தான், காட்டுமன்னார்கோவில் பக்கம். 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. அவன் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி. இது ஊரறிந்த சங்கதி, எனக்குத் தெரியாமல் இருந்தது என்பதுதான் செய்தி. அதைவிட எனக்குத் தூக்கம் கலைந்தது அடுத்த வரியில். 2004-லிருந்து அந்த ஏரித் தண்ணீர், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து, போரூரில் சேர்ந்து, சென்னை நகரத்துக்குப் பிரிகிறது.

படுக்கையிலிருந்து எழுந்து வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். வீராணத்துக்குத் தண்ணீர் வருவது வடவாற்றில். வடவாற்றுக்கு வருவது கீழணையிலிருந்து, ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியது. கொள்ளிடத்துக்கு வருவது காவிரி. மன்னார்குடிப் பாமணி ஆற்றில் குதித்து வளர்ந்தவன் நான். பாமணிக்கும் தண்ணீர் அந்தக் காவிரிதான். ஊரைவிட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் 'எங்க ஊர்த் தண்ணி மாதிரி வருமா' என்று சென்னைத் தண்ணீரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அது பாட்டுக்கு என் பின்னாலேயே வந்து சம்ப்பில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. எல்லாத் துளியும் அதுதான் என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு பங்கு.

ராத்திரி பதினொன்றரைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து, மனைவியை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மோட்டார் போட்டுட்டு நிறுத்த மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ஆனால் அன்றிலிருந்து, குளிக்கப் போகிறேன் என்பதை "வீராணம் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று அவளும் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அந்தப் புத்தகத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது இது.

வருடத்தில் நான் முழுதாக முடித்த புத்தகம் ஒன்றே ஒன்று. தமிழாசிரியை கொடுத்தது. மன்னிப்புக் கேட்கப் போனபோது, கேட்டு முடிக்கும்வரை எதுவும் பேசாமல் இருந்துவிட்டு (அது ஆசிரியர்களுக்கே வரும் கலை), அலமாரியிலிருந்து மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' எடுத்துக் கொடுத்தார். தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை இந்தக் கிருஷ்ணன். 1950-லிருந்து 1996-இல் இறக்கும்வரை ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் காட்டையும் பறவையையும் பற்றிப் பத்தி எழுதினார். நாற்பத்தாறு வருடம். நான் ஒரு டைரியின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. புத்தகத்தை முடித்ததற்கு இலக்கிய ஆர்வம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்பார். பரீட்சைப் பயம். திருப்பித் தந்தாயிற்றா என்று கேட்காதீர்கள்.

அந்தப் புத்தகத்தின் கைங்கரியம், நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். தவிட்டுக்குருவிக் கூட்டம், செம்போத்து, வால்காக்கை என்று தேதி போட்டு எழுதினேன். ஆண் குயில்தான் கருப்பு, புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில் இருப்பது பெண் என்று ஐம்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். அதுவரை அதை வேறு ஏதோ பறவை என்று நினைத்திருந்தேன். நோட்டின் நடுப்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு: 'ஆவணிக்குப் பிறகு குக்குறுவான் சத்தம் குறைந்துவிட்டது. மழைக்காலத்தில் கூவாது.' என் கையெழுத்துதான்.

இதற்குள் குடியிருப்பில் என் நிலை மாறியிருந்தது. பறவைக்காரர் என்று பெயர். பிள்ளைகள் இறகு கொண்டுவந்து காட்டுவார்கள். செயலாளரே ஒரு முறை வாட்ஸாப்பில் ஏதோ கொக்குப் படம் அனுப்பிப் பெயர் கேட்டார். "நாரை" என்று அடித்துச் சொன்னேன், அது கொக்குதான் என்று பிறகு தெரிந்தது, நான் திருத்தவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு வாரம். படிக்கட்டருகே நாலைந்து பேர் கூடி எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டுக், டுக், டுக், டுக். ஒரே தாளம். "மோட்டார்ல ஏதோ சத்தம் வருது" என்றார் ஒருவர். நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையைத்தான் நினைத்து நினைத்து இப்போது கூசுகிறேன். ஒரு காலத்தில் நானும் உங்களைப் போல இருந்தவன்தான் என்று சொல்லும் புன்னகை. "அது குக்குறுவான். அலகைத் திறக்காமல் கூவும். தொண்டையைக் கவனிச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்து, செம்பு, கன்னான், அத்திப்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். இரண்டு நாள் சத்தம் தொடர்ந்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்து அதை ரசித்தேன்.

மூன்றாம் நாள் காலை சத்தம் நின்றது. குழாயும் நின்றது. பேரிங் தேய்ந்து மோட்டார் மொத்தமாக இறுகிவிட்டது. பதினான்கு வீட்டிலும் தலையில் ஷாம்பு நுரையோடு எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. என் வீட்டில் ஒருவர். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு சம்ப்புக்கும் மூன்றாம் மாடிக்குமாக நான் ஏறி இறங்கியதில், கடிகாரம் வருடத்தில் முதல் தடவையாக நேர்மையாகப் பத்தாயிரத்தைக் காட்டி வாணவேடிக்கை விட்டது.

அதே பிளம்பர் தம்பிதான் வந்தார். சம்ப் பக்கம் குனிந்து, மோட்டார் மூடியைக் கழற்றி, கையில் கிரீஸோடு நிமிர்ந்தார். குடை பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா சத்தம் போட்டிருக்குமே, யாரும் கேக்கலையா?"

யாரும் பதில் சொல்லவில்லை. படிக்கட்டில் நின்றிருந்த ஆசிரியை என் பக்கம் திரும்பினார். கீழ்வீட்டுப் பையன் வாயைத் திறந்தான். அவன் அம்மா அவன் தோளை அழுத்தினாள். நான் அரசமரத்தைப் பார்த்தேன். பட்ட கொம்பில் ஒரு காக்கை நனைந்துகொண்டிருந்தது.